புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் 8 டிபி ஹார்ட் டிஸ்க் சுழலவே இல்லை, எஸ்எஸ்டி மட்டும் தெரிகிறது

கயல் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். முதல் தடவையாக நானே பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்திருக்கிறேன். எல்லாம் ஓடுகிறது, இந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தவிர. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பி550 மதர்போர்டு, ரைசன் பிராசஸர், 650 வாட் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தருகிற பெட்டி, கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாம்). விண்டோஸ் 11, மதர்போர்டிலேயே நேராகச் செருகுகிற எம்.2 ஸ்லாட்டுகளில் முதலாவதில் இருக்கிற எஸ்எஸ்டியில் இருக்கிறது. இரண்டாவது எம்.2 ஸ்லாட்டிலும் ஒரு எஸ்எஸ்டி உண்டு. இவை தவிர 500 ஜிபி சாட்டா (டேட்டா, பவர் என்று இரண்டு கேபிளில் இணைகிற வகை) எஸ்எஸ்டி ஒன்று, அப்புறம் பிரச்சினை தருகிற 3.5 இஞ்ச் 8 டிபி ஹார்ட் டிஸ்க்.

முதலில் இரண்டு சாட்டா டிரைவ்களையும் 5, 6 என்று எழுதிய போர்ட்டுகளில் செருகினேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே அவைதான் கைக்கு எட்டின. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற மதர்போர்டின் அமைப்புத் திரை) இரண்டுமே வரவில்லை. கார்டைக் கழற்றி 1, 2 போர்ட்டுகளுக்கு மாற்றியதும் எஸ்எஸ்டி வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் வரவில்லை. டேட்டா கேபிளை மாற்றினேன். கடைசியில் எஸ்எஸ்டிக்குப் போகிற டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் அப்படியே பிடுங்கி ஹார்ட் டிஸ்க்கில் செருகினேன். அப்போதும் வரவில்லை. பயாஸில் அந்தப் போர்ட்டுக்கு நேரே "காலி" என்றே காட்டுகிறது.

டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் போட்டதும் வருகிற அந்த லேசான அதிர்வு இல்லை. செங்கல் மாதிரி இருக்கிறது.

இது புது டிஸ்க் இல்லை. மூன்று வருடமாக யுஎஸ்பியில் செருகும் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் யுஎஸ்பி துளை ஆட்டம் கண்டு, தொட்டாலே துண்டித்துப்போக ஆரம்பித்தது. அதனால்தான் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். நேற்று அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னப் போர்டில் மறுபடி செருகியபோது நன்றாகவே சுழன்றது, ஒரு நிமிடம் கோப்புகளும் தெரிந்தன. அப்புறம் துண்டித்துவிட்டது.

அப்பா பேசிய ஒலிப்பதிவுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. ஆறு வருடம், பெரும்பாலும் சாயங்காலத்தில், ஃபோனை மேசையில் வைத்துப் பதிவு செய்தது. அவர் இப்போது இல்லை. முதல் இரண்டு வருடத்துப் பதிவுகளுக்கு மட்டும் வேறு பிரதி இருக்கிறது.

இரண்டு கேள்விகள். டிஸ்க் செத்துவிட்டதா? பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்த சாட்டா பவர் கேபிளும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கிறது. அதைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிப் பார்க்கலாமா?

---

ஒற்றைமரம் | ஞாயிறு, இரவு 9:58

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள் சகோ. கீழே கறுப்புப் பட்டையோடு "அன்அலோகேட்டட்" என்று ஒரு டிஸ்க் நிற்கும். அதை இனிஷியலைஸ் செய்து (புது டிஸ்க்காகத் தயார் செய்து), ஜிபிடி என்ற அட்டவணை வகையைக் கொடுத்து, ஃபார்மேட் செய்தால் வந்துவிடும். எனக்கு 4 டிபி டிஸ்க் அப்படித்தான் வந்தது.

---

திருகாணி | ஞாயிறு, இரவு 10:21

கயல், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். அந்தப் பழைய கேபிளைத் தொடவே தொடாதீர்கள்.

மாடுலர் கேபிளில் டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி எதுவும் கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். பிளாஸ்டிக் முனை கச்சிதமாக உள்ளே போய்விடுவதால் நம்பிவிடுகிறோம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு ஒரு நொடி தாங்காது. பல வருடத்துக்கு முன்னால் ஒருவருடைய கம்ப்யூட்டரில் இதைச் செய்து, ஒரே சமயத்தில் இரண்டு டிஸ்க்கை நான் கொன்றிருக்கிறேன். சின்னதாக ஒரு "டிக்", பிளாஸ்டிக் கருகிய வாடை, முடிந்தது. அந்த மனிதரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஒற்றைமரம் தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் சொன்னது டப்பாவிலிருந்து புதிதாக எடுத்த காலி டிஸ்க்குக்கான வழி. பயாஸே பார்க்காத டிஸ்க்கை விண்டோஸ் பார்க்காது. மேலும் இதில் தகவல் இருக்கிறது. உள்ளே பொருள் இருக்கிற டிஸ்க்கில் இனிஷியலைஸ், ஃபார்மேட் இரண்டையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இப்போது முதல் கேள்வி. டிஸ்க் சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். பழைய போர்டில் சுழன்றது, கோப்புகளைக் காட்டியது என்றால் மோட்டார், ஹெட், சர்க்யூட் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன.

5, 6 போர்ட்டுகள் வேலை செய்யாததற்குக் காரணம் உங்கள் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி. இந்த வகை மதர்போர்டுகள் பலவற்றில் அந்த ஸ்லாட்டும் கடைசி இரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே வழித்தடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் ஆள் வந்து உட்கார்ந்தால் போர்ட்டுகள் அணைந்துவிடும். மேனுவலில் சாட்டா பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். பழுது என்று நினைத்து எத்தனையோ பேர் போர்டையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

டிஸ்க் சுழலாததற்கு எனக்கு வேறொரு சந்தேகம். உறுதி செய்துகொள்ள இரண்டு விஷயம் சொல்லுங்கள். பழைய பெட்டிக்கு அடாப்டர் எத்தனை வோல்ட்? டிஸ்க்கின் லேபிளில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது குறிப்பு இருக்கிறதா?

---

கயல் | ஞாயிறு, இரவு 10:50

நன்றி அண்ணா. பழைய கேபிளைத் தனியாகக் கட்டி, "சேர்க்காதே" என்று காகிதம் ஒட்டி வைத்துவிட்டேன்.

மேனுவலில் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. எம்.2 இரண்டில் டிரைவ் இருந்தால் சாட்டா 5, 6 கிடைக்காது என்று ஒரே வரி.

அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். லேபிளில் டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் என்று இருக்கிறது. வேறு எதுவும் புரிகிற மாதிரி இல்லை. 3.3 என்று எங்கேயும் இல்லை.

---

திருகாணி | ஞாயிறு, இரவு 11:15

சரி, அப்படியானால் இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்து செய்தால் கை நடுங்காது.

சாட்டா பவர் இணைப்பில் 15 பின்கள். முதல் மூன்றும் ஆதியில் 3.3 வோல்ட்டுக்காக ஒதுக்கப்பட்டவை. 3.5 இஞ்ச் டிஸ்க்குகள் அந்த 3.3 வோல்ட்டைப் பயன்படுத்தியதே இல்லை என்று சொல்லலாம். மோட்டாருக்கு 12, சர்க்யூட்டுக்கு 5, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் செய்பவர்கள் மட்டும் விதிப்படி 3.3 வோல்ட்டை அந்தப் பின்களில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

2016-இல் வந்த சாட்டா 3.3 விதியில் (இந்த 3.3 பதிப்பு எண், வோல்ட் இல்லை) மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பவர் டிசேபிள் என்று பெயர். அந்தப் பின்னில் மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். டேட்டா சென்டரில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் அடுக்கில் இருக்கும்போது, ஒன்று உறைந்துபோனால் யாரும் எழுந்துபோய்ப் பிடுங்காமல் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்புவதற்காக வந்த வசதி. அங்கே அது அருமையான விஷயம். ஆனால் அந்த வசதியுள்ள டிஸ்க்குகள் யுஎஸ்பி பெட்டிகளுக்குள்ளும் வந்து சேர்ந்தன. பெட்டியின் போர்டு 12, 5 மட்டும் கொடுக்கும், 3.3 கொடுக்காது. எனவே அங்கே நன்றாகச் சுழலும். வெளியே எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். "அணைந்தே இரு" என்று யாரோ விடாமல் சொல்வதாக டிஸ்க் எடுத்துக்கொள்ளும். சுழலாது, சத்தம் வராது, பயாஸில் வராது. உங்கள் டிஸ்க் செங்கல் மாதிரி இருப்பது இதனால்தான்.

உங்கள் எஸ்எஸ்டி அதே கேபிளில் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். அதில் இந்த வசதி இல்லை, அதனால் மூன்றாவது பின்னை அது கண்டுகொள்வதில்லை. கேபிள்களை அப்படியே மாற்றிப் பார்த்தீர்களே, அந்தச் சோதனைதான் எனக்கு வழி காட்டியது. கேபிள் நல்லது, போர்ட் நல்லது, டிஸ்க்கும் வேறிடத்தில் நல்லது. மிச்சம் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பின்.

வழி: அந்தப் பின்னை மூடிவிட வேண்டும். கேப்டான் டேப் என்று தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். மெல்லியது, மின்சாரம் கடத்தாது, சூட்டில் இளகாது. சாதாரண செலோடேப் நாளாக நாளாகப் பிசின் விட்டு நகரும், கறுப்பு இன்சுலேஷன் டேப் தடிமன் அதிகம், செருகும்போது சுருண்டுவிடும்.

மின்சாரத்தைச் சுவரிலேயே அணைத்துவிட்டு, டிஸ்க்கை மேசையில் வையுங்கள். இணைப்பில் குட்டையான பகுதி டேட்டா, நீளமானது பவர். நீளமான பகுதியில், டேட்டா இருக்கிற பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது பின். ஒற்றைப் பின்னை மட்டும் மூடுவது நுணுக்கமான வேலை. முதல் மூன்றையும் சேர்த்தே மூடலாம், மூன்றுமே 3.3-க்கானவைதான், டிஸ்க்குக்குத் தேவையில்லை. நான்காவதைத் தொட்டுவிடாமல் பாருங்கள், அது தரைக் கம்பி. டேப்பை 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, சாமணத்தால் பிடித்து, பின் நுனியிலிருந்து பின்பக்கமாக மடித்து ஒட்டினால் செருகும்போது கிளம்பாது. கேபிளை நேராகச் செருகுங்கள், ஆட்டி ஆட்டிச் செருகினால் டேப் உருண்டுவிடும்.

---

தறி | திங்கள், காலை 7:05

டேப் கிடைக்காதவர்களுக்காக: மொலெக்ஸ் என்ற பழைய நாலு பின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டாலும் இதே பலன்தான். மொலெக்ஸில் 12, 5, இரண்டு தரை மட்டுமே உண்டு, 3.3 கிடையாது. ஆனால் அந்த மாற்றுக் கேபிளைப் பார்த்து வாங்குங்கள். சாட்டா முனை முழுக்க ஒரே வார்ப்பாக இருந்தால் வேண்டாம். அந்த வார்ப்புக்குள் கம்பிகள் நகர்ந்து உரசித் தீப்பிடித்த கதைகள் நிறைய. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக முனைக்குள் நுழைவது தெரிகிற, பின்னால் மூடி கழற்றக்கூடிய வகைதான் நல்லது. கயலுக்கு டேப்பே போதும், தகவல் இருக்கிற டிஸ்க்குக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

---

நிலாமுற்றம் | திங்கள், காலை 8:30

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கும் புது கம்ப்யூட்டர்தான், இன்டெல் 12-ஆம் தலைமுறை. பயாஸில் எம்.2 எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் பட்டியல் காலியாக வருகிறது. இதற்கும் பின் காரணமா?

---

திருகாணி | திங்கள், காலை 8:52

இல்லை நிலாமுற்றம், உங்களுடையது வேறு. பயாஸில் விஎம்டி என்ற, டிரைவ்களை இன்டெலின் சொந்த வழியில் நிர்வகிக்கிற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது) தேவையில்லை என்றால் அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் திரையில் "லோட் டிரைவர்" கொடுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே போட்ட கம்ப்யூட்டரில் இதைத் திடீரென்று மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம், அதனால் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

---

கயல் | செவ்வாய், இரவு 8:15

சுழல்கிறது!

முதல் இரண்டு தடவை டேப் சுருண்டுவிட்டது. மூன்றாவது தடவை பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மூன்று பின்னையும் சேர்த்து மூடி, மடித்து ஒட்டினேன். ஸ்விட்ச் போட்டதும் விரலுக்கடியில் மெல்ல அதிர ஆரம்பித்து, அப்புறம் "ம்ம்ம்" என்று சுருதி ஏறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பயாஸில் மாடல் எண், 8 டிபி எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா" என்று பெட்டி வந்தது. நீங்கள் ஞாயிறு அன்று சொன்னது நினைவுக்கு வர, கேன்சல் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன். கீழே முழு டிஸ்க்கும் கறுப்புப் பட்டையாக இருந்தது. கோப்புகள் போய்விட்டனவா?

---

திருகாணி | செவ்வாய், இரவு 8:31

கேன்சல் கொடுத்தீர்களே, அதுதான் இந்த மூன்று நாளில் நீங்கள் செய்த மிகப் பெரிய வேலை. எதுவும் போகவில்லை. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பழைய பெட்டியின் போர்டு எங்கே? தூக்கிப் போட்டுவிடவில்லையே?

யுஎஸ்பி பெட்டிகளில் நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் போர்டு வெறும் கம்பி இல்லை. சிலவற்றில், நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும், எழுதுகிற எல்லாவற்றையும் அது குறியாக்கம் செய்துதான் டிஸ்க்குக்கு அனுப்பும், படிக்கும்போது பிரித்துக் கொடுக்கும். டிஸ்க்கை நேரடியாகச் செருகினால் விண்டோஸுக்கு அது வெறும் குப்பை எழுத்து. வேறு சில போர்டுகள் டிஸ்க்கின் 512 பைட் செக்டர்களை (தகவல் எழுதுகிற சின்னத் துண்டுகள்) 4096 பைட்டாகக் கணக்குக் காட்டும். நேரடியாகச் செருகியதும் கணக்கு மாறிப்போவதால் பார்ட்டிஷன் (கோப்புகள் இருக்கிற பகுதி) இருக்கிற இடம் விண்டோஸுக்குப் புரியாது. உங்களுடையது இரண்டில் எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது, எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: அந்த டிஸ்க்கை அந்தப் போர்டு வழியாகவே படிக்க வேண்டும்.

டேப் இருந்தாலும் போர்டில் வேலை செய்யும், பிரிக்க வேண்டாம். போர்டின் யுஎஸ்பி துளைதான் ஆட்டம். டிஸ்க்கையும் போர்டையும் அசையாத மேசையில் படுக்க வைத்து, கேபிளைச் செருகி, எந்தக் கோணத்தில் நிலையாக நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கோணத்திலேயே கேபிளை மேசையோடு சேர்த்து நல்ல டேப்பால் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டிவிடுங்கள். போர்டுக்கு அடியில் உலோகம் எதுவும் வேண்டாம், காகித அட்டை வையுங்கள். அப்புறம் அந்த மேசைப் பக்கம் யாரும் போகக் கூடாது. சுழன்றுகொண்டிருக்கிற டிஸ்க்கைத் தூக்கவோ திருப்பவோ கூடாது.

அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், பிழை திருத்தவா என்று விண்டோஸ் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் அப்பாவின் பதிவுகள். மற்றது எல்லாம் அப்புறம்.

---

ஒற்றைமரம் | செவ்வாய், இரவு 9:02

கயல் சகோ, அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். இனி "தகவல் இருக்கிறதா" என்று கேட்காமல் அந்தப் பதிலை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

---

கயல் | வியாழன், காலை 6:20

ஒற்றைமரம், மன்னிப்பெல்லாம் எதற்கு. நீங்கள் சொன்னதால்தான் அண்ணா அந்த எச்சரிக்கையை எழுதினார், அதனால்தான் என் கை கேன்சலுக்குப் போனது.

போர்டு மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. பிளாஸ்டிக் கூடு மட்டும்தான் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி அட்டையின் மேல் படுக்க வைத்தேன். கேபிளை லேசாக இடது பக்கம் தூக்கிப் பிடித்தால்தான் நிலையாக நிற்கிறது. அதற்கு அடியில் ஒரு அழிரப்பரை வைத்து, நாலு இடத்தில் டேப் ஒட்டினேன். செருகியதும் எல்லா ஃபோல்டரும் பழைய பெயர்களோடு வந்தன.

புதன் மாலை ஒலிப்பதிவு ஃபோல்டரை முதலில் எடுத்தேன். 1,412 கோப்புகள், 61 ஜிபி. பத்து நிமிடத்தில் முடிந்தது. எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது. நடுநடுவே இருபது கோப்புகளைத் திறந்து கேட்டேன். ஒன்றில் அப்பா, "இது ஓடுதா, ஓடலையா?" என்று ஃபோனைப் பார்த்துக் கேட்கிறார். அந்தக் கோப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மிச்சம் 3.1 டிபி, புது 4 டிபி டிஸ்க்குக்கு ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. பெரிய வீடியோக்கள் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் போயின, சின்னப் படங்கள் வந்ததும் வேகம் படுத்துவிட்டது. நடுவில் ஒரு தடவைகூடத் துண்டிக்கவில்லை. அந்த அறையை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தேன்.

ஒலிப்பதிவுகளின் இரண்டாவது பிரதி பழைய 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு இப்போது போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது பிரதி தம்பி வீட்டுக்குப் போகும். அது போய்ச் சேர்ந்து, அவன் அங்கே திறந்து கேட்டுவிட்டு ஃபோன் செய்த பிறகுதான் 8 டிபி டிஸ்க்கை டேப்போடு கம்ப்யூட்டருக்குள் மாட்டி, இனிஷியலைஸ் கொடுப்பேன்.

---

திருகாணி | வியாழன், காலை 6:48

கொடுக்கும்போது ஜிபிடி தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் போட்டால் 2 டிபிக்கு மேல் எடுக்காது. விண்டோஸில் 7.27 டிபி என்று காட்டும், குறைகிறதே என்று பதற வேண்டாம், அது கணக்கிடும் முறையில் வருகிற வித்தியாசம். தம்பி ஃபோன் செய்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.